மூன்றாவது முறையும் விழுந்த பேட்டன்

பேட்டன் மறுபடியும் கீழே விழுந்தது.

தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடுபவள் கடுகு. ஆள் சின்னவள், கோபம் வந்தால் வெடிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். கடைசியாக ஓடுபவள் ஏணி. வகுப்பிலேயே உயரமானவள், பள்ளியிலேயே வேகமானவள். கடுகு, பேட்டன் கட்டையோடு ஏணியின் இடப்பக்கமாக ஓடிவந்து "பிடி" என்று கத்த வேண்டும். ஏணி திரும்பிப் பார்க்காமல், ஓடியபடியே கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பயிற்சியில் ஒருநாளும் பிசகியதில்லை. போட்டியில் மட்டும் கடுகு தொண்டை கிழியக் கத்துவாள், ஏணி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். ஒருவழியாக அவள் கை பின்னால் வரும்போது பேட்டன் தரையில் உருண்டுகொண்டிருக்கும். இந்த வருடம் மூன்று போட்டிகள். மூன்றிலும் இதே கதை.

பயிற்சியாளரான மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். ஏணிக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம் என்றார். அடுத்த போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதிலும் விழுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பும் பேருந்தில் கடுகு, ஏணியின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். எஞ்சின் இரைந்தது. பின்னால் ஒரே கூச்சல். கடுகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். விடியுமுன் எழுந்து ஓடியது, கால் நகம் பெயர்ந்தது, அக்காவின் பிறந்தநாளைக்கூட விட்டுவிட்டு வந்தது, எல்லாவற்றையும். முழுதாக நான்கு நிறுத்தம் வரை திட்டினாள்.

ஏணி மெதுவாகத் திரும்பினாள். "ஏதாவது சொன்னியா?"

கடுகுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை திட்டும் வீணா? ஆனால் ஏணியின் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்கிறாள்.

கடுகு யோசித்தாள். வகுப்பில் ஏணி எப்போதும் இடது ஓரச் சுவரை ஒட்டித்தான் உட்காருவாள். யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகவே போய்விடுவாள்.

கடுகு இடம் மாறி, அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள். "உனக்கு இடது காது கேக்காதா?"

ஏணி சுற்றுமுற்றும் பார்த்தாள். "கொஞ்ச நாளா சரியா கேக்கல. சத்தம் ஜாஸ்தியா இருந்தா சுத்தமா கேக்காது. சொன்னா மிஸ் என்னை எடுத்துடுவாங்க. வீட்ல ஓடவே விடமாட்டாங்க."

கடுகு திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சரி. இனி நான் உன் வலப்பக்கமா வரேன். ஆனா நீ வீட்ல சொல்லணும். மிஸ்கிட்டயும்."

ஏணி இரண்டு இடத்திலும் தானே போய்ச் சொன்னாள். இந்த ஒரு போட்டி ஓடு, பிறகு காதைக் காட்டலாம் என்றார் அம்மா. பயிற்சியாளர், பயம் என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால், வலப்பக்கமாக வந்து கொடுப்பதென்றால் கடுகு ஓடும்போதே பேட்டனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற வேண்டும், நேரம் வீணாகுமே என்று முணுமுணுக்கவும் செய்தார்.

முதல் நாள் பதினோரு முறை விழுந்தது. இந்த முறை போட்டதெல்லாம் கடுகு. யாரைத் திட்டுவது? வீட்டில் பல் தேய்க்கும்போது பிரஷையும், சாப்பிடும்போது கரண்டியையும் கைமாற்றிக் கைமாற்றிப் பழகினாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

போட்டி நாளன்று கூட்டம் இரைந்தது. கடுகு வலப்பக்கமாக வந்து கத்தினாள். ஏணியின் கை உடனே பின்னால் வந்தது. பேட்டன் கச்சிதமாக அதில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் இடம்தான். ஆனால் கடுகு, ஏணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த வாரம் ஏணியின் அம்மா அவளைக் காது சோதனைக்குக் கூட்டிப்போனார். கடுகும் தொற்றிக்கொண்டாள். வெளிச் சத்தம் நுழையாத சின்னக் கண்ணாடி அறையில், ஹெட்போன் மாட்டிய ஏணி, ஒலி கேட்டபோதெல்லாம் பொத்தானை அழுத்தினாள். வெளியே திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வளர்ந்தது. அந்தப் புள்ளி என்ன, கோடு ஏன் கீழே இறங்குகிறது என்று கடுகு துளைத்தெடுத்தாள். கொஞ்சம் வேலை செய்ய விடும்மா என்றார் சோதனை செய்த அக்கா. காதில் சின்னக் கருவி மாட்டினால் நன்றாகக் கேட்கும், தாராளமாக ஓடலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் ஏணியின் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் கிளம்பினார்கள். கடுகு மட்டும் நின்றாள்.

"அக்கா, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?"

"நிறைய படிக்கணும். பரீட்சையெல்லாம் கஷ்டம். நானே ஒண்ணை ரெண்டு தடவை எழுதித்தான் பாஸானேன்."

"அது பரவால்லக்கா," என்றாள் கடுகு. "அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்."