தனியாகப் போனால் ஆடும் கார்

ஆளோடு போனால் ஆடாத கார், ஈவாஞ்சலின் டீச்சர் தனியாகப் போனால் மட்டும் ஆடியது. ஆக்சிலேட்டரை மிதித்து வேகம் நாற்பதைத் தொடும்போது வண்டிக்குள் ஒரு நடுக்கம் வரும். காலை எடுத்தால் அடங்கிவிடும்.

மில்லர்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் செந்தூர்வேல் தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவன் இல்லை. வீல் பேலன்ஸ் பார்த்தான். இன்ஜின் மவுண்டிங் ரப்பரை மாற்றினான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலைக் கையால் அசைத்து, உள்பக்க ஜாயிண்ட் லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று அதையும் மாற்றினான். அப்புறமும் டீச்சர் வந்து ஆடுகிறது என்றாள்.

"டீச்சர், இந்த வியாதிக்கு ஆள் ஏற ஏறத்தான் நடுக்கம் கூடும். நீங்க தலைகீழால்லா சொல்லுதீங்க."

"நடக்குறதத்தான தம்பி சொல்லுதேன்."

"எப்பத்துலேர்ந்து இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும். ஆறுமுகநேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டுத் திரும்புனேம்லா, அன்னைலேர்ந்துதான்."

மிச்சத்தை அவனிடம் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது? வண்டியை எடுக்குமுன் ஜெபம் பண்ணுவது அவர்கள் வீட்டு வழக்கம். அவள் சாவியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். இடப்பக்கம் உட்கார்ந்து அவள் புருஷன் சத்தியராஜ்தான் ஜெபிப்பார்: ஆண்டவரே, எங்களோடு கூட வாரும். போன வருஷம் அவர் இறந்துபோனார். கல்யாணத்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாகக் கிளம்ப, அவள் மட்டும் காருக்குள் தனியாகக் கண்ணை மூடினாள். ஆண்டவர்மேல் இருந்த கோபத்தில் அவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "யாராவது கூட வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

இன்று மத்தியானம் செந்தூர்வேல் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொள்ள, அவளே ஓட்டினாள். முள்ளக்காடு வரைக்கும் எண்பதில் போயும் வண்டி ஆடவில்லை. டீக்கடை முன்னால் அவன் இறங்கிக்கொண்டான்.

"நான் இங்கன நிக்கேன். நீங்க தனியா அஞ்சு கிலோமீட்டர் போய்ட்டு வாங்க. ஸ்டியரிங் ஆடுனா முன்பக்கக் கோளாறு, சீட் ஆடுனா பின்பக்கம். கைய வச்சுப் பாருங்க. எது ஆடுதுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அன்று கல்யாணத்திலிருந்து அவள் திரும்பி வந்ததும் இதே ரோட்டில்தான். உப்பளம் தொடங்கியதும் ஆள் நடமாட்டமே இல்லை. வெள்ளை வெயில் பாத்தி பாத்தியாகக் கண்ணைக் குத்த, கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தும் உப்பும் சேறும் கலந்த வாடை எப்படியோ உள்ளே வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ள, தார்ப்பாய் மூடிய உப்புக் குவியல்கள் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் மெல்ல மிதித்தாள். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது.

வந்துவிட்டது.

ஸ்டியரிங்கைக் கவனித்தாள். கையில் ஒரு அதிர்வும் இல்லை. தன் சீட்டைத் தொட்டாள். அதுவும் கல்லு மாதிரி இருந்தது. பிறகு இடது கையை நீட்டி, பக்கத்து சீட்டில் வைத்தாள்.

அது மட்டும் ஆடியது. விட்டு விட்டு, ஒரே தாளத்தில். இயந்திரத்தின் நடுக்கம் இல்லை அது. மனுஷன் கால் ஆட்டுகிற ஆட்டம்.

முப்பத்தோரு வருஷம் அவள் வேகமாகப் போகும்போதெல்லாம் சத்தியராஜ் பயத்தில் இப்படித்தான் காலை ஆட்டுவார். வாயைத் திறந்து சொல்ல மாட்டார், கால்தான் சொல்லும்.

"கால ஆட்டாதீங்க," என்றாள், பழக்கதோஷத்தில்.

ஆட்டம் நின்றது.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பயமா? இல்லை, சந்தோஷம். ஒரு வருஷமாக ஒரு ஆளுக்கு உலை வைத்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, டிவியோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு ஆட்டம் போதும். செந்தூர்வேலிடம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட வேண்டும். இனி யாரும் இந்த வண்டியில் கை வைக்கக் கூடாது.

அப்போது டிங் டிங் என்று வண்டி கத்தத் தொடங்கியது.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இடப்பக்க சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்கிறது. கைப்பை வைத்தால்கூடக் கத்துகிறதே என்று அந்த பெல்ட்டை அவள் எப்போதும் சும்மாவே மாட்டி வைத்திருப்பாள். செந்தூர்வேல் இறங்கும்போது அதைக் கழற்றிவிட்டுப் போயிருந்தான். ஆனால் கைப்பை இப்போது பின்சீட்டில் கிடந்தது.

வண்டியை ஓரம் கட்டினாள்.

"இருங்க, நான் மாட்டிவிடுதேன்."

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் வராது. அவள்தான் குறுக்கே சாய்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டுவாள். வற்றிப்போன உடம்பு. எவ்வளவு இழுத்தால் போதும் என்று அவள் கைக்குத் தெரியும்.

இழுத்தாள். அந்த அளவு வந்தது. பூட்டுக்கு எட்டவில்லை.

இன்னும் இழுத்தாள். இன்னும் ஒரு முழம். அவள் முழங்கை எதன்மேலோ உரசியது. ஈரமாக. சில்லென்று. உப்புச் சேற்றின் வாடை இப்போது வெளியிலிருந்து வரவில்லை.

பெல்ட் கடைசிவரை வந்து நின்றது. கை தன் பழக்கத்தில் பூட்டுக்குள் அழுத்திவிட்டது.

டிக்.

சத்தம் நின்றது.

ரோட்டில் ஒருவரும் இல்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கால் ஆக்சிலேட்டரில் இல்லை. சீட் ஆடத் தொடங்கியது.

அது அவர் இல்லை. யாராவது என்றுதானே அன்று அவள் கூப்பிட்டிருந்தாள்.

வெற்று சீட்டுக்கு முன்னால் பெல்ட் காற்றில் வளைந்து, ஒரு பெரிய வயிற்றைச் சுற்றியதுபோல் புடைத்து நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. பிறகு, அப்படியே புடைத்தபடி, அவள் பக்கமாகச் சாய்ந்தது.