விட்டுப்போன ஆள்

சொறியும் சத்தம் கேட்டு விண்ணரசி விழித்தாள். இருட்டில் துழாவி, எட்டு மாதப் பிள்ளை மரிய செல்வத்தின் கைகளைப் பிடித்தாள். தூக்கத்திலேயே சிரங்கைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறவன் அவன். ஆனால் இரண்டு கைகளும் அவள் உள்ளங்கைக்குள் சும்மா கிடந்தன. அப்பால் கணவர் ஞானப்பிரகாசம் வாத்தியாரின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. சத்தம் நிற்கவில்லை. காய்ந்த தோலை நகம் பிறாண்டி, சற்று ஓய்ந்து, மறுபடி ஆசையோடு தொடங்கும் சத்தம், டிரங்குப் பெட்டி இருந்த மூலையிலிருந்து வந்தது. எலிதான் என்று சொல்லிக்கொண்டாள். எலிக்கு அரிப்பெடுக்குமா என்று யாரைப் போய்க் கேட்பது?

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரதராஜன்பேட்டையிலிருந்து ஆண்டிமடத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மூன்று மாதமாக மூன்று தடவை கந்தகக் களிம்பு பூசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அடங்கி, மறுபடி கிளம்பிவிட்டது.

கம்பவுண்டர் அமிர்தலிங்கம், குழந்தையின் விரலிடுக்கை விரித்துப் பார்த்தார்.

"வூட்டுல எத்தனை பேரும்மா?"

"மூணு பேருங்க."

"மூணு பேரும் ஒரே நாள்ல பூசினீங்களா? அரிப்பு இல்லாதவங்களும்?"

"பூசினோங்க. விரலிடுக்கு, நகக்கண்ணு, பாதம், எதையும் வுடலைங்க. துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டேன்."

"அப்ப யாரோ ஒரு ஆள் வுட்டுப்போயிருக்கு. அங்கேருந்துதான் புள்ளைக்குத் திரும்பத் திரும்ப ஏறுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "மூஞ்சி வீங்கியிருக்கு பாருங்க. சீழ் உள்ள எறங்குது. இன்னொரு தடவை வந்தா புள்ள தாங்காதும்மா."

வேறு வழியில்லாமல், கூச்சப்பட்டுக்கொண்டே, விண்ணரசி மூத்த தாரத்தின் போர்வையைப் பற்றிச் சொன்னாள்.

ஞானப்பிரகாசத்தின் முதல் மனைவி சவரியம்மாள் வயிற்றுப் பிள்ளையோடு செத்து மூன்று வருடமாகிறது. அவள் போர்வை டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை செபம் முடிந்ததும் அவர் அதை எடுத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் பிள்ளைமேல் போர்த்திவிட்டு மறுபடி பூட்டிவைப்பார். "புள்ளையத் தொடாமயே போயிட்டா, கொஞ்சம் தொட்டுக்கட்டும்" என்பார். வெந்நீர் படாத துணி அது ஒன்றுதான். சிரங்கு கிளம்புவதும் அந்த வெள்ளி கழிந்த மூன்றாம் நாள்தான்.

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். "மனுஷச் சூடு இல்லாம சிரங்குப் பூச்சி நாலு நாள் தாங்காது. ஒரு மாசம் பொட்டியில கெடந்த துணியில எதுவும் உசுரோட இருக்காதும்மா. யாராவது அதைத் தெனம் போத்திக்கிட்டாத்தான் உண்டு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஞானப்பிரகாசம் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டு, மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள்.

முதலில் வாடை வந்தது. பாச்சை உருண்டை வாடை இல்லை. புளித்த தாய்ப்பால் வாடை. போர்வைக்குள் கையை விட்டாள். இப்போதுதான் யாரோ எழுந்து போன படுக்கையைப் போலச் சூடாக இருந்தது. மடிப்பில் உதிர்ந்த தோல் செதில்கள். மெல்லிய ரத்தக் கோடுகள். இன்னும் காயாதவை.

அள்ளிக்கொண்டு ஓடி அண்டாவில் போட்டுக் கட்டையால் அமுக்கினாள். கொதி வந்து நூல் நூலாகப் பிரியும் வரைக்கும் அமுக்கினாள்.

மாலையில் ஞானப்பிரகாசம் வந்து திறந்த பெட்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"இனிமே அவ எதைப் போத்திக்குவா?" என்றார். அவ்வளவுதான். ஈரக் குடையை மறுபடி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

விளக்கு வைத்ததும் பிள்ளைக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை களிம்பு பூசினாள். தானும் பூசிக்கொண்டாள். யுத்தத்தால் துணி ரேஷன் வந்த பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே போர்வையை இருவர்மேலும் இழுத்துவிட்டுப் படுத்தாள். மூலையில் சத்தமில்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான். இனிப் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்ததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

போர்வை நகர்ந்தது.

பிள்ளை உதைக்கிறான் என்று இழுத்து மூடினாள். மறுபடி நகர்ந்தது. அந்தப் பக்கமாக. பிள்ளைக்கு அப்பால்.

துழாவினாள். பிள்ளையின் இரண்டு கைகளும் கிடைத்தன. அசையவில்லை. கோயிலிலிருந்து செபமாலைச் சத்தம் கேட்டது. அவர் அங்கேதான் இருக்கிறார்.

பிள்ளைக்கு அப்பால் போர்வை மேடாக இருந்தது. சூடாக இருந்தது. கொதித்த துணியின் ஆவி வாடை.

அந்த மேட்டுக்குள் சொறியும் சத்தம் தொடங்கியது.

பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள். வரவில்லை. தூக்கத்திலேயே அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான்.

சொறியும் சத்தம் நின்றது. பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.