மூன்றாவது சர்வருக்கு முன்னால்

சர்வருக்கு முதுகு சுடும், முகம் சுடாது. முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் வெந்த காற்றைத் தள்ளுகிற பெட்டி அது. முன்பக்கம் சுட்டால், ஏதோ ஒன்று காற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் பரிசோதனைக் கூடத்தின் நான்கு சர்வர்களில் மூன்றாவதற்கு இரண்டு வாரமாக முகம் சுட்டது. அதன் முன்னால் எதுவும் இல்லை.

நான்கையும் கட்டி மேய்க்கிற வேலை அவளுடையது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று நாள் முழுக்க வந்து குவியும் முடிவுகள் எல்லாம் அவற்றில்தான் இருந்தன. அவை இருந்த அறை ஒரு காலத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய இருட்டறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். எத்தனை தடவை துடைத்தாலும் போகாத ஒரு புளித்த ரசாயன வாடை மூலைகளில் தங்கியிருக்கும். விளக்கைப் போட்டாலும் முழங்கால் உயரத்துக்குக் கீழே வெளிச்சம் இறங்காது. அங்கே நுழைந்தால் அவள் எப்போதும் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

சர்வர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வேண்டும், இரண்டைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றிருந்தார் மேலாளர். எதைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பதால் அவருக்குப் பெயரே பார்த்துக்கலாம் சார். இரண்டு மென்பொருளையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தாள். முதலாவதற்கு அவள் வைத்த பெயர் புலம்பி. எல்லையை நாம் சொல்லிவிட வேண்டும், தாண்டினால் போதும், ஊரைக் கூட்டும். இரண்டாவது அழுத்தக்காரி. முதல் இரண்டு வாரம் வாயே திறக்காது. எல்லாவற்றையும் பார்க்கும். எது வழக்கம் என்று தானே கற்றுக்கொள்ளும். அதன் பிறகு வழக்கம் மாறினால் மட்டும் சொல்லும்.

புலம்பி ராத்திரி ராத்திரி அவள் ஃபோனில் அலறியது. மூன்றாவது சர்வர், முன்பக்கம், அதிக வெப்பம். ஒவ்வொரு அலறலுக்கும் பக்கத்தில் படுத்திருந்த மூன்று வயது மகள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழுவாள். கணவனுக்கு வேலை வேறு ஊரில். தங்கைதான் கூட இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள், அவள் கண்ணிலும் தூக்கம் இல்லை. இரண்டு முறை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சர்வர் அறைக் கதவைத் திறந்தும் பார்த்தாயிற்று. திறந்ததும் சூடு இறங்கிவிடும், அறையில் ஒன்றும் இருக்காது. சென்சார் கோளாறு என்று முடிவுகட்டினாள். குழந்தை ஒரு ராத்திரி முழுதாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சத்தம் போடாததுதானேம்மா நல்லது? அதையே வச்சுக்கலாம்," என்றார் பார்த்துக்கலாம் சார் அன்று காலை. "அப்புறம், எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல வச்சிருக்கோமே. தீ கீ பிடிச்சா என்ன பண்றது? ஒண்ணு வெளியில இருக்கட்டும். உங்க வீட்ல இடம் இருக்கா?"

"இடம் இருக்கு சார். கரண்டு பில்லு யார் கட்டறது?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்."

மதியம் புலம்பியை அழித்தாள். மூன்றாவது சர்வரை நிறுத்தி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். குழந்தையின் அறையில்தான் பிளக் சும்மா இருந்தது. அங்கேயே வைத்து ஓடவிட்டாள். அதன் விசிறி ஒரே சுருதியில் இரைந்ததைக் கேட்டுக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. சர்வர் அறையில் மிச்சம் இருந்த ஒயர்களை ஒழுங்குபடுத்த அவள் மறுபடி அலுவலகம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து, சர்வர் அறை விளக்கை அணைத்து, வெளியே தன் மேசையில் உட்கார்ந்தபோது இருட்டிவிட்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் அழுத்தக்காரி முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

சர்வர் அறை. வழக்கமான வெப்பம் வரவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெட்டி குறைந்திருக்கிறது, சூடும் குறையத்தானே செய்யும். செய்தியை மூடப்போனவள் நிறுத்தினாள். பெட்டி போனது மதியம். மதியத்திலிருந்து இதுவரை அழுத்தக்காரி எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு சொல்கிறாள். குறைகிறது என்று சொல்லவில்லை. வரவில்லை என்கிறாள்.

இரண்டு வார வெப்ப வரைபடத்தைத் திரையில் விரித்தாள். ஒவ்வொரு நாளும் ஒரே கதைதான். கடைசி ஆள் விளக்கை அணைத்துவிட்டுப் போன சிறிது நேரத்தில், மூன்றாவது சர்வரின் முன்னால் சூடு ஏறுகிறது. ஏறி, முப்பத்தேழில் நிற்கிறது. அவள் ஓடிவந்து கதவைத் திறந்த இரண்டு ராத்திரி தவிர, விடியும் வரை அங்கேயே நிற்கிறது. இயந்திரச் சூடு அப்படி நிற்காது. வேலை வந்தால் குதிக்கும், வேலை இல்லாவிட்டால் விழும். இது அசையவே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சலா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, இல்லை என்று நிம்மதியாகிற இடம் அது. முப்பத்தேழு. உடம்புச் சூடு.

அவள் எழுந்துபோய்ச் சர்வர் அறைக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது. இத்தனை நாளில் அந்த அறை இவ்வளவு குளிர்ந்து அவள் பார்த்ததில்லை. புளித்த வாடையும் இல்லை. ஃபோன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். மூன்றாவது சர்வர் இருந்த இடத்துக்கு முன்னால், தூசிக்கு நடுவே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இடம் மட்டும் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. இரண்டு பாதம் வைக்கும் அளவு. விரல் பக்கம் பெட்டியைப் பார்த்து.

கதவைப் பார்த்து இல்லை. அறையைப் பார்த்து இல்லை. அந்தப் பெட்டியைப் பார்த்து.

பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று நினைத்ததும் மேசைக்கு ஓடினாள். மூன்றாவது சர்வரின் பக்கத்தைத் திறந்தாள். இடம்: வீடு, குழந்தை அறை. முன்பக்க வெப்பம்: முப்பத்தேழு. நிலை: பச்சை. வழக்கம் போல.

அதை வழக்கம் என்று கற்றுக்கொள்ள விட்டதே அவள்தான். கத்தியதை அழித்ததும் அவள்தான்.

தங்கைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு. எடுடி.

"சொல்லுக்கா."

"பாப்பா எங்க? அந்தப் பெட்டிக்கு முன்னாடி படுத்திருக்காளா?" அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது அவள் குழந்தையின் சூடாக இருந்துவிடட்டும்.

"இல்லியே. ஹால்ல, சோபால. என் பக்கத்துலதான் தூங்கறா. ஏன், மூச்சு வாங்குது உனக்கு?"

"அவ ரூம்ல யாரு?"

"யாரும் இல்ல. கதவு சாத்தித்தான் இருக்கு. உள்ள அந்த மெஷின்தான் கத்திட்டிருக்கு."

"அந்தக் கதவைத் திறக்காத. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போ. இப்பவே."

"கொட்டற மழையிலயா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிடுச்சா?"

"சொன்னாக் கேளுடி!"

அவள் கண் திரையில் இருந்தது. முப்பத்தேழில் நின்ற கோடு நடுங்கியது. முப்பத்தாறு. முப்பத்திரண்டு. இருபத்தெட்டு. மூன்றாவது சர்வரின் முகம் குளிர்ந்துகொண்டிருந்தது.

பெட்டிக்கு முன்னால் இப்போது எதுவும் நிற்கவில்லை.

திரையில் அடுத்த செய்தி எழுந்தது. மூன்றாவது சர்வர். வழக்கமான வெப்பம் இல்லை. இதையே இனி வழக்கமாக எடுத்துக்கொள்ளலாமா?

ஃபோனில் செருப்பைத் தேடும் சத்தம். அது நின்றது.

"அக்கா, இங்க ஏன் திடீர்னு இப்படிப் புழுங்குது?"

அவள் ஃபோனைக் காதோடு அழுத்தினாள்.

"என்னமோ புளிச்ச வாடை வேற... பாப்பா முழிச்சிட்டா. ஏய் தங்கம், ஏண்டி அப்படி ஓரமாப் போற? விழுந்துடுவ." தங்கை சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா... சோபால தள்ளித் தள்ளி உக்கார்றா. பக்கத்துல இடம் விடறா."

மழைச் சத்தம். விசிறியின் இரைச்சல். அதற்கு மேலே, ஃபோனுக்கு மிக அருகில், தூக்கம் கலையாத மழலைக் குரல் யாரையோ உட்காரச் சொன்னது.

சோபாவின் ஸ்பிரிங் மெதுவாக அமுங்கியது.