அழகம்மாவுக்கு வந்த கடிதம்

அன்று காலை தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் நான்கு பேர் இருந்தார்கள். அடுப்படியில் மாமியார் புஷ்பம். கட்டிலில், இரண்டு வருடத்துக்கு முன் தேயிலைக் கொழுந்து லொறி கவிழ்ந்து கால் ஒடிந்த அவள் மகன் கிருஷ்ணராஜ். சுவரோரம் அவன் தங்கை ஷாமிளா. வாசலில் அவன் மனைவி அழகம்மா, ரப்பர் பால்வெட்டுக் கத்திக்குப் பதில் கையில் ஒரு கடிதத்தோடு.

"தங்கச்சி வேலையப் புடுங்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டே?" என்றான் கிருஷ்ணராஜ்.

அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். பத்து மணிக்கு இரத்தினபுரியில் இன்டர்வியூ. பிந்தினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியைக்குப் பெற்றோர் கொடுப்பதுதான் சம்பளம், மாதம் வீட்டுக்குப் பத்து ரூபாய். மூன்று வருடம் அழகம்மா படிப்பித்தாள். கணவனின் கால் ஒடிந்ததும் அவள் ரப்பர் மலைக்குப் போனாள். வகுப்புக்கு ஷாமிளா போனாள். ஒருத்தியால் வேலைக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் இன்னொருத்தி போவது தோட்டத்து வழக்கம். பள்ளிக்கூட வேலையும் அப்படித்தான் என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். இப்போது ஆசிரியர் எடுக்க மாகாணத்துக்குப் பணம் வந்திருந்தது. மூன்று வருடச் சேவையும் பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சையில் சித்தியும் உள்ள தொண்டர்களுக்கு அரசாங்கச் சம்பளம். கடிதம் அழகம்மாவுக்கு மட்டும் வந்தது.

புஷ்பத்துக்கு அதுதான் புரியவில்லை. "இத்தன வருஷம் நம்மளத் திரும்பிப் பாக்காத கவர்மெண்டுக்கு ஒம் பேரு மட்டும் எப்பிடித் தெரிஞ்சிச்சு? பள்ளிக்கூடத்துலருந்து பேரு அனுப்புன இராமசாமி மாஸ்டர்கிட்ட என்னாடி சொன்னே?"

"உள்ளதத்தான் சொன்னேன் மாமி. மூணு வருஷம் நானு, ரெண்டு வருஷம் ஷாமிளான்னு."

"அவளும் ஓ.எல் பாஸுதானே? இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா அவளுக்குக் கெடைக்காதா?"

அழகம்மா ஷாமிளாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பாத்தியா... வாயடைச்சுப் போச்சு! களவாணி!"

"போதும்மா!" ஷாமிளா அலறினாள். "நான் கணக்குல பெயிலு! அண்ணிக்குத் தெரியும்... தெரிஞ்சா அண்ணன் என்னைய மலைக்கு அனுப்பிருவாருன்னு அவங்கதான் மறைச்சாங்க. எனக்குப் பதிலா அவங்க போனாங்க!"

கிருஷ்ணராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஷாமிளா அழகம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

"சேலையக் கசக்காத, புள்ள. டிசம்பர்ல திரும்ப எழுது. கணக்கு நான் சொல்லித் தாறேன்." அழகம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வெறும் வயித்தோட போவாதடி..." புஷ்பம் ரொட்டியைத் தாளில் சுற்றினாள். ஒரு தாள் போதாமல் இன்னொன்றைத் தேடி எடுத்தாள். மன்னிப்பெல்லாம் அவளுக்குக் கேட்க வராது. சுற்றி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அழகம்மா அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இரத்தினபுரியில் இறங்கி ஓடினாள். இன்டர்வியூ நடக்கும் கல்விக் கந்தோர் வாசலில், பத்து மணிக்குக் கதவைச் சாத்த பியூன் பூட்டோடு நின்றான்.

"இக்மனட்ட நோனா, இக்மனட்ட!" என்று சிங்களத்தில் அவளைச் சீக்கிரம் உள்ளே வரச்சொல்லி அவசரப்படுத்தினான்.

நுழைந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பியது.