கூரை எட்டாத சுவர்

அன்று மழை வந்திருக்காவிட்டால், கிருஷாந்தி அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கவே மாட்டாள்.

அவள் போக நினைத்தது ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கம்பியூட்டர் கடைக்கு. பாதி வழியில் வானம் கொட்டித் தீர்த்தது. கையிலிருந்த சாமான் பட்டியல் தாள் நனைந்துவிடக் கூடாதே என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் கம்பியூட்டர் கடையின் கதவைத் தள்ளினாள்... அட்டைப் பெட்டியோடு உள்ளேயிருந்து வந்தவன் மேல் மோதினாள்.

பெட்டியை அவன் பிடித்துக்கொண்டான். தாள்தான் நழுவி ஈரத் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வாசிக்கத் தொடங்கினான்.

"கேமிங் கம்பியூட்டரா... தம்பிக்குங்களா?"

"எனக்கு."

அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி தங்கியிருக்க, கோபமாய்ப் பார்த்தன இரண்டு கண்கள்... பனிமூட்டம் சட்டென்று விலகி மலை தெரிவதுபோல இருந்தது அவனுக்கு.

"மன்னிச்சுக்குங்க. இனி யாருகிட்டயும் அப்படிக் கேக்க மாட்டேன்."

திலக்ஷன் என்றது அவன் சட்டையில் குத்தியிருந்த அட்டை.

அவளுக்கு அது விளையாட்டு மட்டுமில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்று, புதிய கேம்களை வெளியிடும் முன் வீட்டிலிருந்தே விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க ஆள் தேடியது. மெஷின் மட்டும் சொந்தமாய் இருக்க வேண்டும். முதல் சுற்றில் தேறிவிட்டாள். திங்கட்கிழமை மாலை நான்கிலிருந்து ஏழு வரை கடைசித் தேர்வு. அதில் தோற்றால், சிநேகிதியோடு கொழும்புத் துணிக்கடைக்குப் போக வேண்டியதுதான். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா வீட்டில் தனியாக...

சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தான் திலக்ஷன். கலர் லைட் எரியும் கேசிங்கைத் தள்ளிவிட்டு, காற்று நன்றாகப் போய்வரும் சாதாரணக் கேசிங்கைக் காட்டினான். அந்தக் காசுக்கு இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் வரும் என்றான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"இந்த ஃபேன் சத்தம் போடுமா?"

"கொஞ்சம் போடும்."

"சத்தமே போடாதது இருந்தா காட்டுங்க."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். அவள் காரணம் சொல்லவில்லை. அவள் இருப்பது தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாய்ப் பத்து வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது. இங்கே கரண்டி விழுந்தால், அடுத்த வீட்டு நிலக்ஷி அக்காவின் மூன்று மாதக் குழந்தை விழித்துக்கொள்ளும்.

சத்தமில்லாத ஃபேனைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, பட்டியலின் மேலே அவள் பெயரைக் கேட்டு எழுதி, கடைசியில் 'யூபிஎஸ்' என்று சேர்த்தான் திலக்ஷன்.

"வீடு எங்கங்க?"

"நோர்வூட் டவுன்ல."

முன்பொருமுறை வேறொரு கடையில் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அந்தக் கடைக்காரன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூலையில் குவிந்திருந்த பழைய சாமான்களைக் கைகாட்டினான். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் சொல்வது டவுன்தான்.

"கரண்ட் கூடிக் குறைஞ்சா மெஷினுக்கு ஆகாதுங்க. இது ஒன்ன மட்டும்..."

"டவுன்ல கரண்ட் நல்லாத்தான் இருக்கு. கேக்காத சாமானைத் தலையில கட்டுறதுதான் உங்க வேலையா?"

அவன் முகம் வாடியது. அந்த வரியை வெட்டினான். கல்லாவிலிருந்த முதலாளி நிப்ராஸ் நானா, தங்கச்சி கேட்டதை மட்டும் கொடுக்கச் சொன்னார்.

பொருத்தி முடிக்க மதியம் தாண்டியது. வெளியே மழை விடவில்லை. உள்ளே அவள் கோபம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்துகொண்டிருந்தது. ரேம் இரண்டையும் அவன் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகப் போனான்.

"ரெண்டாவது, நாலாவது," என்றாள் அவள், நிமிராமலே.

"உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

"பொய்."

"ஆமாங்க... பொய்தான்."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவன் கையிலிருந்த திருகாணி எங்கோ உருண்டோடியது.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுழன்றது. சத்தம் வருகிறதா என்று கேட்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மூச்சு படும் தூரத்தில் முகங்கள்... "கேக்குதா?" என்றான். இல்லையென்று தலையாட்டினாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து பொருத்தித் தரட்டுமா என்று அவன் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அவசரமாய் மறுத்தாள். பெட்டியை பஸ் வரை தூக்கி வந்து சீட்டில் வைத்தவன், அதன் மேல் தன் போன் நம்பரை எழுதிவிட்டு இறங்கினான்.

அன்றே, சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மலையிலிருந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். லயம் முழுக்கத் தேநீருக்குக் கரண்ட் கேத்தல்கள் ஒன்றாய்க் கொதிக்கத் தொடங்கின. பல்ப் மங்கியது... திரை கறுத்து மெஷின் நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது.

திங்கட்கிழமையும் ஐந்து மணி வரும்.

பெட்டி மேலிருந்த நம்பரைப் பார்த்தாள். கூப்பிட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த முகமும் மாறிவிட்டால்...? வேறொருவன் என்றால் பரவாயில்லை. அவன் முகம் மாறுவதை மட்டும் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

விடிந்ததும் கூப்பிட்டாள்.

"நான் டவுன்ல இல்லைங்க. பொய் சொல்லிட்டேன். தோட்டத்து லயத்துல இருக்கேன். சாயங்காலமானா மெஷின் நின்னுடுது."

 அவனிடமிருந்து நிதானமாய் ஒரே கேள்வி வந்தது.

"எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம்?"

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். தான் நனைந்து, நெஞ்சோடு அணைத்திருந்த யூபிஎஸ் பெட்டியை மட்டும் பொலித்தீனில் சுற்றி நனையாமல் காப்பாற்றியிருந்தான். பொலித்தீனைப் பிரித்தாள். பெட்டி மேல் பென்சில் எழுத்து: 'கிருஷாந்தி, நோர்வூட்'. கீழே நேற்றைய தேதி.

"நீங்க பஸ் ஏறுன பிறகு எடுத்து வச்சேன்," என்றான்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"டவுன் ஆளுங்க லைட் எரியுமான்னுதான் கேப்பாங்க. நீங்க சத்தம் போடுமான்னு கேட்டீங்க." அண்ணாந்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தான். "டயகம தோட்டத்துல எங்க வீட்டுச் சுவரும் இம்புட்டுத்தாங்க."

 "அப்ப ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க சொல்லாதத நான் எப்படிச் சொல்றது... கடையில சேரும்போது நானும் ஹட்டன் டவுன்னுதான் சொன்னேன். இன்னிக்குக் காலையில உங்க போன் வந்த பிறகுதான் நானாகிட்ட உண்மையச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சாமான் நனையாமக் கொண்டு போகச் சொன்னாரு."

அம்மா அவனைச் சாப்பிட வைத்தாள். ஐந்து மணி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டான். குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று யூபிஎஸ்ஸின் 'பீப்' ஒலியை முதலிலேயே நிறுத்தியிருந்தான். அதைக் கவனித்தபோது கிருஷாந்திக்குக் கண் கலங்கியது.

கேத்தல்கள் கொதித்தன. பல்ப் மங்கியது. திரை மட்டும் அசையவில்லை. அவள் விளையாடிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு நீங்க பாஸாகிடுவீங்க," என்றான், கேட்டும் கேட்காத குரலில். "பெறகு கடைப்பக்கம் வர உங்களுக்குக் காரணம் இருக்காது. அதனால இப்பவே சொல்லிடுறேன்... நேத்து கதவுல மோதுனதுலேருந்து உங்களைப் பிடிச்சிருக்கு, கிருஷாந்தி."

அவள் விரல்கள் நின்றன. தகரத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

சுவருக்கு மேலே இருந்து நிலக்ஷி அக்காவின் கிசுகிசுப்பு இறங்கி வந்தது.

"பதிலச் சொல்லு புள்ள. பாப்பா இப்பத்தான் கண்ண மூடுது. எம்புட்டு நேரம் நானும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

குசினியில், அடுப்பு முன்னாலிருந்து, அம்மாவின் அடக்கிய சிரிப்பு. திலக்ஷன் காது வரை சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான்.

கிருஷாந்தி அந்தச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் மறைத்த சுவர். பிறகு அவனைப் பார்த்தாள். கிசுகிசுக்கவில்லை. பத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அடுத்த வீட்டில் பாப்பா வீறிட்டு அழத் தொடங்கியது.