நாக்கில் ஒட்டிய எலும்பு

பெனிதா அந்தப் பழைய கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்கும்போது வெளியே மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் அதற்குப் பெயர் கோடைகாலம். பொலிவியாவிலிருந்து தொல்லியல் படிக்க வந்தவள் அவள். கீழே ஈரச்சுவர் வாடை, மக்கிய அட்டைப்பெட்டி வாடை. அவற்றோடு, அங்கே இருக்கவே கூடாத இன்னொரு வாடையும் அடித்தது.

நனைந்த லாமா ரோமம். அவள் ஊர் மலைகளில் மந்தையாக மேயும் விலங்கு அது.

பேராசிரியர் விட்டேக்கர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே கூர்முனையோடு வழவழவென்று ஒரு துண்டு. 'பலியிடும் குத்துவாள்' என்று மேலே ஒட்டியிருந்தது. பெனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது குத்துவாள் இல்ல, புரொபசர். விச்சுன்யா. லாமாவோட கால் எலும்பு. தறியில நூலை அடிச்சு இறுக்குறது. எங்க சித்தி இன்னைக்கும் இதை வெச்சுத்தான் போர்வை நெய்யறாங்க."

"உங்க சித்திக்கு எந்த யுனிவர்சிட்டில டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கொண்டுவந்த தாளை அவர் முன் நீட்டினாள். அவளுடைய ஊருக்கு மேலே இருக்கிற கல்லறைக் குகையில் எடுத்தது அது. திருப்பி வாங்கிக்கொண்டு வா என்று ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. இவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"கையெழுத்தா? முதல்ல எலும்பா, கல்லான்னே தெரியல." அவர் அதை எடுத்தார். "எலும்புன்னா நாக்குல ஒட்டும், கல்லுன்னா ஒட்டாது. முதல் வருஷப் பாடம், பெனிதா."

"வேண்டாம், புரொபசர்! செத்துப்போன நெசவுக்காரியோட சாமான். கேக்காம தொட்டாலே அந்த எலும்பு நம்ம சதைக்குள்ள முளைக்கும்பாங்க. நீங்க வாயில..."

அவர் நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தார்.

ஒட்டியது.

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தபோது பிய்ந்துகொண்டு வந்தது, நுனியில் ஒரு பொட்டு ரத்தத்தோடு. "எலும்புதான்!" என்று சிரித்தார்.

டக்.

அலமாரிகளுக்குப் பின்னால் யாரோ நூலை அடித்து இறுக்கினார்கள்.

"எலி," என்றார் விட்டேக்கர்.

டக்... டக்...

எலிக்குத் தறி தெரியுமா என்று கேட்க நினைத்தாள்.

அந்த வாரமே அவருடைய வகுப்புகள் நின்றன. கூடப் படிக்கும் ஓர்லா அவள் காதோரம் கிசுகிசுத்தாள்: "நாக்குல முள்ளு மாதிரி ஏதோ முளைக்குதாம்ப்பா. டாக்டர் அறுத்து எடுத்தாராம், மறுபடி வந்துடுச்சாம். எடுத்தது லாமா எலும்பாம். நூல் உரசித் தேஞ்ச தடம்கூட இருக்காம்."

பெனிதாவுக்குப் பாவமாக இல்லை. கோபம்தான் வந்தது. படித்துப் படித்துச் சொன்னாளே! படையலுக்கு வைக்கும் கோக்கா இலை இந்த ஊரில் கிடைக்காது. ஒரு பிடித் தேயிலையும் கொஞ்சம் சாராயமும் கொண்டுபோய்ப் பெட்டி முன்னால் வைத்தாள். "தாயே, உன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோறேன். பொறுத்துக்கோ," என்று தன் அய்மாரா மொழியில் வேண்டினாள். லாமா வாடை மெல்ல நெருங்கி வந்து அவள் தோளருகே நின்றது. காற்றே இல்லை; தேயிலைகூட அசையவில்லை.

மறுநாள் காலை அவள் நிலவறையில் இருந்தபோது விட்டேக்கரே வந்தார். வாயை இறுக்க மூடியிருந்தார். கன்னம் உள்ளிருந்து கூர்மையாகப் புடைத்திருந்தது. அவளுடைய தாளைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். போதுமா என்பதுபோல் முறைத்தார்.

"எனக்கு எதுக்கு இந்த அவசரக் கையெழுத்து?" அவள் குரல் உயர்ந்தது. "நெய்தவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. உங்க வாயால கேளுங்க!"

முதல்முறையாக அவர் கண்ணில் பயம் தெரிந்தது. வாயைத் திறக்கப் பார்த்தார். உதடு பிரியவில்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை இப்போது மெல்லிய சிவப்பு ரோம நூல் அதை நெருக்கமாகத் தைத்திருந்தது.

பெனிதா பெட்டியை அணைத்துக்கொண்டு படியேறி ஓடினாள். பெட்டிக்குள் எலும்பு அசையாமல் கிடந்தது.

டக்... டக்...

சத்தம் கீழிருந்து வந்தது. அவர் மூடிய வாய்க்குள்ளிருந்து.