கம்பி கழன்றும் எரிந்த விளக்கு

சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வரவேண்டும். பெட்ரோல் பம்பு விழித்துக்கொள்ளும் சத்தம். வரவில்லை. சூசமிர் பள்ளத்தாக்கில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் பொடிப்பனி ஒட்டியது, காருக்குள் நனைந்த கம்பளியோடு ஈரமண்ணும் கலந்த ஒரு வாடை. சாலையோர மேட்டில் கல்லறைகள். எர்கினைப் புதைத்த புதுமண்ணும் அங்கேதான் இருந்தது.

பிஷ்கெக் நகரத்தில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஜில்டிஸுக்கு வண்டி நிற்பது புதிதல்ல. இந்த இடத்தில் நின்றதுதான் எரிச்சல். இந்த வழியாகப் போகிற எவரும் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, முகத்தில் தடவி, இறந்தவர்களுக்கு ‘ஓமின்’ சொல்லாமல் போவதில்லை. அவள் சொல்லவில்லை. உயிரோடிருந்த காலமெல்லாம் தன்னை அடித்து நொறுக்கிய புருஷன் எர்கினுக்கு எதற்குக் கையேந்துவது? ‘எங்கள் வம்சத்துப் பிள்ளை’ என்று கொழுந்தன் பிடித்துவைத்திருந்த மகள் மீரிமைச் சண்டைபோட்டு மீட்டு வருகிறாள். பனி மூடுவதற்குள் கணவாயைத் தாண்டிவிட்டால் பிள்ளை அவளுடையது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே டக்கென்றது. மீரிமை முன்னால் உட்காரவைத்து, பின்சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி டெஸ்ட் லேம்பை வைத்தாள். எரிந்தது. கரண்ட் வருகிறது. அப்படியானால் பம்புதான் போயிருக்க வேண்டும். ஆனால் அதைப் போன வாரம்தான் அவளே புதிதாக மாட்டினாள்.

கையை நீட்டிச் சாவியை உருவினாள். லேம்ப் எரிந்தது.

“எங்கயோ ஷார்ட்” என்று முணுமுணுத்துக்கொண்டே லேம்பின் ஊசியையும் கிளிப்பையும் விடுவித்தாள். இரண்டு முனைகளும் அந்தரத்தில் தொங்கின.

லேம்ப் எரிந்தது.

அதைப் பின்சீட்டின் காலடியில் வீசிவிட்டு, கனெக்டரை மாட்டி, சீட்டை அழுத்தி, மகளை மறுபடி அதில் உட்காரவைத்தாள்.

“அம்மா, நீ கையேந்தலைல்ல? அதான் அப்பாவுக்குக் கோவம்.”

“கோவப்படட்டும்டி. உசுரோட இருந்தப்பவே பயந்து தீத்தாச்சு. செத்தப்புறமுமா?”

குரலை அவள் தாழ்த்தவில்லை. முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்பக்கம் காட்டும் மேல்கண்ணாடியில் மகளின் குட்டிக் கைகள் மெல்ல உயர்ந்தன.

“கையக் கீழ போடு, மீரிம்.”

“நான் தூக்கலம்மா.”

பம்பு ரீங்கரித்தது. சாவி ஜில்டிஸின் கையில் இருந்தது.

மண்வாடை. லேம்ப் வெளிச்சம். சின்னக் கைகளுக்கு அடியில் பெரிய கைகள். விரலிடுக்கெல்லாம் சேறு. வலது கட்டைவிரலில் நகமில்லை. ஒருநாள் எர்கின் அவளை அடிக்க வந்தபோது கார்க் கதவில் வைத்து அவள் நசுக்கிய விரல்.

ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடித்துத் திரும்பினாள்.

“விடுடா அவள! எம் புள்ளடா!”

அந்தக் கைகள் அவசரப்படவில்லை. வேண்டுதலை முடிக்கிற பதவிசோடு, மீரிமின் உள்ளங்கைகளை பிள்ளையின் முகத்தின்மேலேயே இறக்கின. கண். மூக்கு. வாய்.

எடுக்கவில்லை.